3270 எமுலேட்டரின் புதிய பதிப்பு: எதற்காக மாறுவது?

3 மார்ச் 2025 – ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் அலுவலகத்தில் மெயின்ஃபிரேம் எமுலேட்டருக்கு (மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியின் 3270 டெர்மினல் திரையை நம் பிசியில் காட்டும் மென்பொருள்) புதிய பதிப்பு போடப்போகிறார்கள். டேப், கறுப்புத் தோற்றம், திரைக்குள் தேடல், 64 பிட், டிஎல்எஸ் 1.3 (இணைப்பை மறையாக்கும் முறை) என்று குறிப்பு நீளமாக இருக்கிறது. திரையில் வரப்போவது அதே 24 வரி, வரிக்கு 80 எழுத்துதான். பழையது ஒரு தொந்தரவும் தரவில்லை. அதே பச்சைத் திரையைப் பார்க்க எதற்குப் புது மென்பொருள்? மேக்ரோ (நாம் தட்டுவதைத் தானாகத் தட்டும் சிறு நிரல்) எல்லாம் உடைந்தால் யார் உட்கார்ந்து சரிசெய்வது?

3 மார்ச், இரவு

மாறுங்கள். ஆனால் டேப்பையும் கறுப்புத் தோற்றத்தையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குறிப்பின் நடுப்பகுதியில், யாரும் படிக்காத இடத்தில், மூன்று விஷயங்கள் இருக்கும். மேக்ரோ எப்படிக் காத்திருக்கிறது, ஹோஸ்டின், அதாவது எதிர்முனை மெயின்ஃபிரேமின், சர்டிஃபிகேட்டைச் (தான் யார் என்று அது காட்டும் சான்று) சரிபார்க்கிறதா, கோட் பேஜ் (எந்த பைட் எந்த எழுத்து என்ற அட்டவணை) இயல்பாக எதில் தொடங்குகிறது. தினசரி வேலையைத் தொடுவது இவைதான்.

'பழையது ஒரு தொந்தரவும் தரவில்லை' என்கிறீர்கள். எமுலேட்டர் விஷயத்தில் இதை நான் எளிதில் நம்புவதில்லை. பழைய பதிப்புகள் பல தவறுகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். மேக்ரோ தவறான திரையில் தட்டினாலும் 'முடிந்தது' என்று சொல்லும். எதிர்முனையில் யார் என்று பார்க்காமலே பூட்டுப் படத்தைக் காட்டும். ஒரு எழுத்து வேறு எழுத்தாகத் தெரிந்தாலும் எச்சரிக்காது. நல்ல புதிய பதிப்பு என்றால் அது இவற்றை வெளியே கொண்டுவர வேண்டும். அப்போது முதல் வாரம் எல்லாமே உடைந்த மாதிரித் தோன்றும். பெரும்பாலும் ஏற்கெனவே உடைந்து கிடந்தவைதான் அவை.

4 மார்ச்

மேக்ரோவிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் அடிப்படைக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஐபிஎம் 3270 வரிசை 1971-இல் வந்தது. ஒவ்வொரு எழுத்தாக ஹோஸ்டுக்கு அனுப்பும் டெர்மினல் அல்ல அது. நீங்கள் தட்டுவது எல்லாம் டெர்மினலின் பஃபரிலேயே (தற்காலிக நினைவகத்தில்) கிடக்கும். எண்டரோ ஒரு பிஎஃப் கீயோ (செயல் கீ) அழுத்தும்போதுதான் மாறிய ஃபீல்டுகள் (திரையில் தகவல் நிரப்பும் இடங்கள்) மட்டும் மொத்தமாகக் கிளம்பும். கிளம்பிய கணமே கீபோர்டு பூட்டிக்கொள்ளும், கீழே நிலை வரியில் எக்ஸ் குறியும் கடிகாரமும் வரும். ஹோஸ்ட் பதில் எழுதி, கூடவே 'கீபோர்டைத் திற' என்ற பிட்டையும் அனுப்பினால்தான் மறுபடி தட்ட முடியும்.

மனிதர் திரையைப் பார்த்துத் தட்டுகிறார். மேக்ரோ பார்ப்பதில்லை. பழைய மேக்ரோக்களில் பாதி 'அரை நொடி காத்திரு' என்று எழுதப்பட்டவை. கொஞ்சம் நல்லவை 'கீபோர்டு திறக்கும்வரை காத்திரு' என்று எழுதப்பட்டவை. இரண்டாவது முறை போதுமென்று பலரும் நினைக்கிறார்கள். கீபோர்டு திறந்துவிட்டது என்றால் ஹோஸ்ட் ஏதோ ஒரு பதில் அனுப்பியிருக்கிறது என்றுதான் பொருள். நீங்கள் எதிர்பார்த்த திரை வந்துவிட்டது என்று பொருள் இல்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரவில் ஓடும் மேக்ரோ ஒன்று இருந்தது. சிஐசிஎஸ் (மெயின்ஃபிரேமில் இத்தகைய திரைப் பயன்பாடுகளை நடத்தும் மென்பொருள்) திரையில் ஒரு கணக்கைத் திறக்கும், தொகையை மாற்றும், எண்டர் தட்டும், அடுத்த கணக்கு. ஒரு நாள் இரவு வேறொரு வேலை அதே ரெக்கார்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. எண்டர் தட்டியதும் ஹோஸ்ட் அதே திரையைத் திருப்பி அனுப்பி, கடைசி வரியில் 'ரெக்கார்டு பயன்பாட்டில் உள்ளது, மீண்டும் முயலவும்' என்று எழுதியது. கீபோர்டும் திறந்தது. மேக்ரோவுக்கு அது போதும். அடுத்த கணக்கின் தொகையை இந்தக் கணக்கின் மேலேயே தட்டி எண்டர் கொடுத்தது. அந்த முறை ரெக்கார்டு கிடைத்தது, தொகை பதிவானது. ஃபீல்டு தட்ட அனுமதி உள்ளதுதான் என்பதால் எமுலேட்டரும் தடுக்கவில்லை. காலையில் பார்த்தால் மேக்ரோவின் பதிவில் 'வெற்றி'. கணக்குகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்தும் வேலை பல பேர் தலையில் விழுந்தது. மேக்ரோவை எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதிவு பொத்தானை அழுத்தி, வேலையைச் செய்து காட்டி, நிறுத்தியிருக்கிறார். எமுலேட்டர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தது.

புதிய பதிப்புகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். மேக்ரோவைப் பதிவுசெய்யும்போது, ஒவ்வொரு எண்டருக்குப் பிறகும் 'இந்த வரியில் இந்த இடத்தில் இந்த வாசகம் இருக்கிறதா' என்ற சோதனையைத் தானே எழுதுகிறதா? இல்லையென்றால் நிற்கிறதா? நிற்கும்போது திரையின் நகலைச் சேமிக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், வேறு ஒன்றும் மாறாவிட்டாலும் அந்தப் பதிப்புக்கு மாறலாம்.

5 மார்ச்

'அரை நொடியை இரண்டு நொடியாக்கினால் தீராதா?' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். தீராது. மேலே சொன்ன சம்பவத்தில் ஒரு நிமிடம் காத்திருந்தாலும் அதே திரைதான் இருந்திருக்கும். சரியான திரை வந்திருக்கும் நாட்களில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு நொடி வீணாகும். நேரத்தை நீட்டுவது மேக்ரோவை மெதுவாக்கும், சரியாக்காது.

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். தானாக எழுதப்படும் சோதனையை அப்படியே நம்பி விடாதீர்கள். கருவி திரையிலிருந்து ஏதோ ஒரு வாசகத்தைத் தேர்ந்தெடுக்கும், சில சமயம் அது தேதியாகவோ நேரமாகவோ இருக்கும். மறுநாள் மேக்ரோ நின்றுவிடும். திரையின் பெயர் அல்லது தலைப்பு உள்ள இடத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். கூடவே செய்தி வரி காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, ஹோஸ்ட் பக்கத்திலிருந்து. ஒரே பதிலை இரண்டு மூன்று துண்டாக அனுப்பும் பயன்பாடுகள் உண்டு. முதல் துண்டிலேயே கீபோர்டு திறந்துவிடும், மீதி பின்னால் வரும். எமுலேட்டரும் ஹோஸ்டும் நெட்வொர்க் வழியாகப் பேசும் நெறிமுறை டிஎன்3270ஈ. 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2355 என்ற தர ஆவணம்தான் அதற்கு அடிப்படை. அதற்குப் பின் சேர்ந்த நீட்டிப்பு ஒன்றில், 'நான் அனுப்பி முடித்துவிட்டேன், இனி உன் முறை' என்று ஹோஸ்டே சொல்ல வழி இருக்கிறது. எமுலேட்டரும் ஹோஸ்டும் இரண்டுமே ஒத்துக்கொண்டால்தான் அது வேலை செய்யும். அந்த நீட்டிப்பின் பெயர் 'கன்டென்ஷன் ரெசல்யூஷன்'. உங்கள் புதிய பதிப்பின் குறிப்பில் அந்தச் சொல் இருந்தால் அதைச் சாதாரண வரியாகக் கடந்து போகாதீர்கள்.

6 மார்ச்

டேப் பற்றிச் சுருக்கமாக. பயனுள்ளதுதான். ஆனால் சோதனை அமைப்பும் நிஜ அமைப்பும் பக்கத்துப் பக்கத்து டேப்பில், ஒரே நிறத்தில், ஒரே ஐஎஸ்பிஎஃப் (மெயின்ஃபிரேமில் வேலை செய்யும் மெனு, எடிட்டர் சூழல்) மெனுவோடு இருப்பது எனக்குப் பயத்தைத் தருகிறது. தனித்தனி ஜன்னல்களாக இருந்தபோது இடம் நினைவிருக்கும், இடது பக்கம் சோதனை, வலது பக்கம் நிஜம் என்று. டேப் அந்த நினைவை அழித்துவிடும். செஷனுக்குச் செஷன் (ஒவ்வொரு இணைப்புக்கும்) பின்புல நிறம் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நிஜ அமைப்புக்கு உறுத்தும் நிறம் ஒன்றைப் போட்டு, அந்த அமைப்பை எல்லோருக்கும் ஒரே ப்ரொஃபைலாக (இணைப்பின் அமைப்புகளைச் சேமித்த ஃபைலாக) கொடுங்கள். ஆளாளுக்கு விருப்பப்படி நிறம் வைத்தால் அடுத்தவர் மேசையில் உட்காரும்போது ஏமாந்துபோவீர்கள்.

9 மார்ச்

சர்டிஃபிகேட். இங்கேதான் அதிகச் சண்டை வரும், அதனால் கொஞ்சம் நிதானமாக.

டெல்நெட் 23-ஆம் போர்ட்டில் வெறுமனே போனால் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு உட்பட எல்லாம் மறைவின்றிப் போகும். மெயின்ஃபிரேமின் எழுத்து முறையான எப்சிடிக்கில் போவதால் யாருக்கும் புரியாது என்று சொல்பவர்களை இன்னும் பார்க்கிறேன். எப்சிடிக் ஓர் எழுத்து அட்டவணை மட்டும்தான், ரகசியக் குறியீடு கிடையாது. அதனால் டிஎல்எஸ், வழக்கமாக 992-ஆம் போர்ட். இதுவரை எல்லோரும் செய்கிறார்கள்.

பழைய பதிப்புகளில் பெரிய ஓட்டை இதற்கு அப்புறம். இணைப்பை மறையாக்கம் செய்யும், ஆனால் எதிர்முனை காட்டும் சர்டிஃபிகேட் நம்பத்தக்கவர் கையெழுத்திட்டதா, அதில் உள்ள பெயர் நாம் கேட்ட ஹோஸ்டின் பெயர்தானா என்று பார்க்காது. அல்லது பார்க்கும் வசதி இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். யாரென்று தெரியாதவரோடு ரகசியமாகப் பேசுவது அது. புதிய பதிப்புகள் சரிபார்ப்பை இயல்பாகவே இயக்கி வைக்கும் திசைக்குப் போகின்றன. திறந்த மூலத்தில் உள்ள எக்ஸ்3270 எமுலேட்டர் குடும்பத்திலும் சரிபார்ப்பு வேண்டாம் என்றால் ஹோஸ்ட் பெயருக்கு முன்னால் நாமே ஒரு குறியைப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படித்தான் இருக்க வேண்டும். ஆபத்தான வழிக்குத்தான் கூடுதலாகத் தட்ட வேண்டும்.

மாறிய அன்று நான் பார்த்தது: ஏகப்பட்ட ப்ரொஃபைல்கள் இணைய மறுத்தன. காரணம் ஒன்றுதான். ப்ரொஃபைலில் ஹோஸ்டின் பெயருக்குப் பதில் ஐபி முகவரி இருந்தது, சர்டிஃபிகேட்டில் பெயர் இருந்தது. என்றோ டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) மக்கர் செய்தபோது யாரோ முகவரியைப் போட்டிருக்கிறார்கள், அது நகல் நகலாகப் பரவியிருக்கிறது. உடனே 'சரிபார்ப்பை அணைத்துவிடலாம், வேலை நிற்கிறது' என்று அழுத்தம் வந்தது. அணைக்காதீர்கள். ஒருமுறை அணைத்தால் மறுபடி இயக்குவதற்கு யாருக்கும் நேரம் கிடைக்காது. ப்ரொஃபைலில் பெயரைத் திருத்துங்கள், நிறுவனத்தின் சொந்த சர்டிஃபிகேட் அதிகாரியின் ரூட்டை (மூலச் சான்றை) எல்லாக் கணினிகளிலும் ஏற்றுங்கள். இரண்டும் சலிப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

டிஎல்எஸ் 1.3 பற்றி: மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ் 2.4 முதல் ஹோஸ்ட் பக்கம் ஆதரவு உண்டு. அதைவிட அவசரமானது 1.0, 1.1 இரண்டையும் விடுவது. 2021-இல் ஆர்எஃப்சி 8996 அவற்றை அதிகாரபூர்வமாக ஒதுக்கிவிட்டது. பழைய எமுலேட்டர் அவற்றைத் தாண்டத் தெரியாததாக இருந்தால், ஹோஸ்ட் பக்கத்தில் அவற்றை மூட முடியாமல் உங்களுக்காகவே திறந்து வைத்திருப்பார்கள்.

10 மார்ச்

வலது கன்ட்ரோல் கீ இனியும் எண்டராக வேலை செய்யுமா என்று இத்தனை பேர் கேட்பீர்கள் என எதிர்பார்க்கவில்லை.

பழைய 3270 கீபோர்டில் எண்டர் கீ வலது மூலையில், இன்றைய வலது கன்ட்ரோல் இருக்கும் இடத்தில் இருந்தது. நாம் ரிட்டர்ன் என்று சொல்லும் இடத்தில் இருந்தது 'நியூலைன்', கர்சரை அடுத்த வரிக்கு மட்டும் கொண்டுபோகும். அதைப் பின்பற்றி எமுலேட்டர்கள் வலது கன்ட்ரோலை எண்டராகவும் இடது கன்ட்ரோலை ரீசெட்டாகவும் (பூட்டிய கீபோர்டை விடுவிப்பது) வைத்தன. பழகிய விரல்கள் அங்கேதான் போகும். புதிதாக வருபவர்களுக்கு ரிட்டர்ன்தான் எண்டர். புதிய பதிப்பில் இயல்பு அமைப்பு மாறியிருந்தால் இரு சாராரில் ஒருவர் தவிப்பார். பழைய கீமேப் ஃபைலை (எந்த கீ என்ன செய்யும் என்ற பட்டியலை) இறக்குமதி செய்ய முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். 2024-இல் வரத் தொடங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் வலது கன்ட்ரோல் இருந்த இடத்தில் கோபைலட் கீ உட்கார்ந்திருக்கிறது. அது தனி கீயாகப் பதிவாவதில்லை, இடது ஷிஃப்ட், விண்டோஸ் கீ, எஃப்23 மூன்றும் சேர்ந்து அழுத்தியதாகப் பதிவாகிறது. அந்தச் சேர்க்கையை எண்டராக மாற்றத் தெரிந்த கீமேப் கருவி இருந்தால் பழைய ஆட்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

14 மார்ச்

கோட் பேஜ். மூன்றிலும் இதுதான் ஆழமானது என்று இப்போது தோன்றுகிறது. முதல் குறிப்பில் கடைசியாக வைத்தேன், இன்றைக்கு எழுதினால் முதலில் வைப்பேன்.

எப்சிடிக் ஒன்றல்ல, பல. அமெரிக்க ஆங்கிலத்துக்கு வழக்கமாக 037. யூனிக்ஸ் பக்கத்துக்கும் சி மொழிக்கும் 1047. எழுத்துகளும் எண்களும் இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது சில குறிகள் மட்டும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. சதுர அடைப்பு [ ] இரண்டும் 037-இல் ஹெக்ஸ் (பதினாறடி எண்) பி-ஏ, பி-பி. 1047-இல் ஏ-டி, பி-டி. 'இல்லை' என்பதற்கான ¬ குறி 037-இல் 5-எஃப், 1047-இல் பி-0. அந்த இடங்களில் ^ குறி அப்படியே இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். பழைய எமுலேட்டர் 037-இல் இருந்தது. புதியது 1047-இல் தொடங்குகிறது. ரெக்ஸ் என்ற மெயின்ஃபிரேம் ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய புரோகிராமில் நேற்று வரை ¬ என்று தெரிந்த குறி இன்று ^ என்று தெரிகிறது. ஹோஸ்டில் ஒரு பைட்டும் மாறவில்லை, படிக்கும் கண்ணாடிதான் மாறியிருக்கிறது. அதுவரை ஆபத்தில்லை. ஆபத்து அடுத்த அடியில் இருக்கிறது. ஒருவர் அதைப் பார்த்து 'யாரோ கெடுத்துவிட்டார்கள்' என்று ^ குறியை அழித்து ¬ குறியைத் தட்டிச் சேமிக்கிறார். இப்போது பைட் உண்மையிலேயே மாறிவிட்டது. அவருக்கு அழகாகத் தெரியும், இரவில் ஓடும்போது ரெக்ஸ் அந்த பைட்டை ஏற்காது. இன்னும் பழைய எமுலேட்டரில் இருப்பவர் அதைத் திறந்தால் அவருக்கு ^ தெரியும், அவர் திரும்பத் திருத்துவார். ஒரே ஃபைலில் இரண்டு வகை பைட்டுகள் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் 'ஹெக்ஸ் ஆன்' போட்டுப் பார்த்தால் மட்டுமே உண்மை தெரியும். அந்தக் குறியுள்ள வரிகளில் பழக்கமாகவே இதைச் செய்யுங்கள். ரெக்ஸில் ¬= என்பதற்குப் பதில் \= எழுதலாம், பின்சாய்வுக் கோடு இரண்டு கோட் பேஜிலும் ஒரே இடத்தில், ஈ-0 வில் இருக்கிறது. அல்லது <> எழுதலாம். புதிதாக எழுதுவதில் ¬ குறியையே விட்டுவிட்டேன்.

நல்ல புதிய பதிப்பு நிலை வரியிலேயே கோட் பேஜ் எண்ணைக் காட்ட வேண்டும். சில பதிப்புகளில் வந்திருக்கிறது. மெனுவுக்குள் மெனுவுக்குள் தோண்டிப் பார்க்க வேண்டிய விஷயமல்ல இது.

எக்ஸ்3270-இல் 'பிராக்கெட்' என்ற பெயரிலேயே ஒரு கோட் பேஜ் இருக்கிறது, 037 போலத்தான், சதுர அடைப்புகளை மட்டும் 1047 இடத்தில் வைக்கும். எத்தனை பேர் இந்த அடைப்பில் மாட்டி அவதிப்பட்டிருந்தால் அதற்கென்றே ஓர் அட்டவணை உருவாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அதில் ¬ குறி 037 இடத்திலேயே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

15 மார்ச்

நேற்றையதன் வால். இண்ட்$ஃபைல் (எமுலேட்டர் வழியே பிசிக்கும் ஹோஸ்டுக்கும் இடையே ஃபைல் பரிமாறும் கருவி) வழியாக ஃபைல் அனுப்புபவர்களுக்கும் இதே பிரச்சினை, கூடுதலாக ஒரு முடிச்சோடு. அது வடிவமைக்கப்பட்ட காலத்தில் பிசியில் ஒரு எழுத்து ஒரு பைட். இன்று உங்கள் எடிட்டர் யூடிஎஃப்-8-இல், ஓர் எழுத்துக்குப் பல பைட் ஆகலாம் என்ற முறையில், சேமிக்கிறது. யூரோ குறி மூன்று பைட்டாகப் போய் ஹோஸ்டில் மூன்று குப்பைக் குறிகளாக இறங்கும், வரியின் நீளமும் நகர்ந்துவிடும். நிலையான நீள ரெக்கார்டில் நீளம் நகர்ந்தால் அடுத்த ஃபீல்டுகளெல்லாம் தள்ளிப்போகும். புதிய பதிப்பில் 'பிசி பக்கக் கோட் பேஜ்' என்று தனியாகக் கேட்டால் நல்ல அறிகுறி.

வேகம் குறைவாக இருக்கிறது என்பவர்கள் பஃபர் அளவைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஹோஸ்ட் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த துண்டு கிளம்பும். தூரத்து ஹோஸ்ட் என்றால் 4096 பைட் துண்டுகளாக அனுப்புவது காத்திருப்பிலேயே கழியும். 32 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பெரிய ஃபைல் என்றால் எமுலேட்டரையே விட்டுவிட்டு எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான ஃபைல் பரிமாற்றத்துக்கோ ஸோவி என்ற மெயின்ஃபிரேம் கட்டளைவரிக் கருவிக்கோ போங்கள்.

21 மார்ச்

64 பிட் என்றால் வேகம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. ஒரு 3270 திரை 24 வரி, 80 எழுத்து, மொத்தம் 1920 இடங்கள். அதை வரைய 64 பிட் எதையும் கூட்டித் தராது. 64 பிட் தேவைப்படுவது பக்கத்தில் உள்ள மற்ற மென்பொருள்கள் 64 பிட் ஆகிவிட்டதால்.

எக்செல் மேக்ரோவிலிருந்து எமுலேட்டரை ஓட்டுபவர்கள் ஈஹெச்எல்எல்ஏபிஐ என்ற பழைய இடைமுகத்தைக் கூப்பிடுகிறார்கள். செயல் எண் 1 இணை, 3 கீ அனுப்பு, 4 காத்திரு, 8 திரையின் ஒரு பகுதியை நகலெடு. எளிமையானது, இன்னும் உயிரோடிருப்பதும் அதனால்தான். ஆனால் 64 பிட் எக்செலுக்குள் 32 பிட் டிஎல்எல்லை (துணை நிரல் ஃபைலை) ஏற்ற முடியாது, விண்டோஸ் விடாது. ஆஃபீஸ் 2019 முதல் இயல்பாக நிறுவப்படுவது 64 பிட். ஆகவே ஒருபக்கம் ஆஃபீஸ் மாறியதும் மறுபக்கம் எமுலேட்டர் மேக்ரோ படுத்துவிடும். பழி எமுலேட்டர்மேல் விழும். புதிய பதிப்பில் 64 பிட் டிஎல்எல் தனிப் பெயரில் வருகிறதா, பழையதும் கூடவே வருகிறதா என்று பாருங்கள். எக்செல் மேக்ரோ மொழியான விபிஏவின் அறிவிப்பு வரிகளில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், சுட்டிகளை (நினைவக முகவரிகளை) வாங்கும் மாறிகளின் வகையும் மாற வேண்டும். இல்லையென்றால் சில நாள் ஓடும், சில நாள் எக்செல் சொல்லாமல் மூடிக்கொள்ளும்.

இதைவிடப் பெரியது விபி ஸ்கிரிப்ட் என்ற விண்டோஸ் ஸ்கிரிப்ட் மொழி. ஐபிஎம் பர்சனல் கம்யூனிகேஷன்ஸ் என்ற எமுலேட்டரில் பதிவுசெய்த மேக்ரோ ஃபைலைத் திறந்தால் தலைப்பிலேயே மொழி விபி ஸ்கிரிப்ட் என்று இருக்கும். வேறு பல எமுலேட்டர்களின் மேக்ரோக்களும் அதே விண்டோஸ் இயந்திரத்தை நம்பியவை. மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் விபி ஸ்கிரிப்டைக் கைவிடுவதாக அறிவித்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2-இல் அது விருப்பக் கூறாகிவிட்டது, இப்போதைக்கு இயல்பாக இயங்கும். சுமார் 2027-இல் இயல்பாக அணைந்திருக்கும், அதற்குப் பிறகு நீக்கப்படும் என்பது திட்டம்.

முதல் கேள்வியில் 'மேக்ரோ உடைந்தால் யார் சரிசெய்வது' என்று இருந்தது. எமுலேட்டரை மாற்றாமல் இருந்தாலும் அந்த மேக்ரோக்களுக்குத் தேதி குறிக்கப்பட்டுவிட்டது. எப்படியும் தொட வேண்டும் என்றால் இப்போதே, திரைச் சோதனையோடு, புதிய மொழியில் எழுதிவிடுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல வழி, எக்ஸ்3270 குடும்பத்தில் திரையே இல்லாமல் ஓடும் எஸ்3270-ஐ பைதான் மொழியிலிருந்து ஓட்டுவது. ஒவ்வொரு கட்டளைக்கும் நிலை வரி ஒன்று திரும்பும், கீபோர்டு பூட்டியிருக்கிறதா, கர்சர் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். திரையில் உள்ள வாசகத்தை மட்டும் நீங்களேதான் சோதிக்க வேண்டும்.

22 மார்ச்

டேப்புக்குத் திரும்ப வேண்டும், 6-ஆம் தேதி எழுதியபோது இது நினைவில் இல்லை. ஈஹெச்எல்எல்ஏபிஐயில் செஷனுக்கு ஒற்றை எழுத்துப் பெயர், ஏ முதல் இசட் வரை. மேக்ரோ 'ஏ' செஷனோடு இணை என்று சொல்லும். தனி ஜன்னல் காலத்தில் ஏ எப்போதும் சோதனை அமைப்பு என்று பழக்கம் இருந்திருக்கும். டேப்புகளைத் திறக்கும் வரிசையில் எழுத்துகள் வழங்கப்பட்டால், நிஜ அமைப்பை முதலில் திறந்த நாளில் ஏ என்பது நிஜம். நிறம் மாற்றி வைத்ததெல்லாம் மேக்ரோவுக்குத் தெரியாது. ப்ரொஃபைலிலேயே எழுத்தை நிலையாகக் கட்டிவையுங்கள். மேக்ரோவும் முதல் காரியமாகத் திரையில் அமைப்பின் பெயரைப் படித்துப் பார்க்கட்டும்.

2 ஏப்ரல்

திரை அளவு பற்றி நான்கைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்த பகுதி.

3270 வரிசையின் 3278 டெர்மினலில் மாடல் 2 என்றால் 24 வரிக்கு 80 எழுத்து, மாடல் 3 என்றால் 32-க்கு 80, மாடல் 4 என்றால் 43-க்கு 80, மாடல் 5 என்றால் 27-க்கு 132. பெருக்கிப் பாருங்கள், எதுவும் 4096-ஐத் தாண்டாது. திரையில் ஓர் இடத்தைக் குறிக்க முதலில் 12 பிட் முகவரிதான் இருந்தது, அதன் எல்லை 4096. 62-க்கு 160 கொண்ட 3290 பிளாஸ்மா திரைக்கு 9920 இடங்கள் வேண்டும், அதற்கு 14 பிட். இன்றைய எமுலேட்டர்கள் தரும் 'விருப்பமான அளவு' இந்த 14 பிட் எல்லைக்குள், 16 ஆயிரத்துச் சொச்சம் இடங்களுக்குள் அடங்குவதுதான்.

பெரிய அளவு கேட்டும் சிஐசிஎஸ் திரை சின்னதாகவே வருகிறது, எமுலேட்டர் சரியில்லை என்கிறார் ஒருவர். எமுலேட்டர் சரியாகத்தான் இருக்கிறது. ஹோஸ்ட் 'அழித்து எழுது' என்று அனுப்பினால் திரை 24-க்கு 80 ஆகும். 'மாற்று அளவில் அழித்து எழுது' என்று அனுப்பினால் பெரியதாகும். முடிவு பயன்பாட்டின் கையில். ஐஎஸ்பிஎஃப் பெரியதைக் கேட்கும், பழைய மேப்புகள் (சிஐசிஎஸ் திரை வடிவங்கள்) கேட்காது. பழைய பதிப்புகளில் இரண்டுக்கும் இடையே போகும்போது எழுத்தளவு பெரிதாகிச் சின்னதாகித் துள்ளும். புதியதில் எழுத்தளவை நிலையாக வைத்து மீதியை வெறுமையாக விடும் அமைப்பு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கண் வலி குறையும்.

ஐஎஸ்பிஎஃப் செட்டிங்ஸில் திரை வடிவம் 'மேக்ஸ்' என்று வையுங்கள். 132 எழுத்து அகலத்தில் எஸ்டிஎஸ்எஃப் (ஓடிய வேலைகளின் வெளியீட்டைக் காட்டும் கருவி) பார்த்துப் பழகியவர் மறுபடி வலது பக்கம் நகர்த்தி நகர்த்திப் படிக்க மாட்டார்.

11 ஏப்ரல்

'மறைந்த ஃபீல்டுகளைக் காட்டு' என்று புதிய பதிப்பில் ஒரு தேர்வு இருக்கிறதாம், உடனே அதை எல்லோருக்கும் தடுக்க வேண்டும் என்று ஒரு வாசகர் பதறுகிறார். தடுக்கலாம், தப்பில்லை. ஆனால் ஃபீல்டின் பண்பு பைட்டில் 'காட்டாதே' என்று இருந்தால் தரவு வராமல் போவதில்லை. தரவு உங்கள் கணினிக்கு வந்துவிட்டது, எமுலேட்டர் வரையாமல் இருக்கிறது, அவ்வளவே. 'தட்டாதே' என்ற பண்பும் அப்படித்தான், எமுலேட்டர் மரியாதைக்காகக் கடைப்பிடிக்கிறது. வேறு கருவி வைத்திருப்பவர் அதை மீறி ஹோஸ்டுக்கு அனுப்பலாம். ஆகவே மறைந்த ஃபீல்டில் கணக்கு நிலையையோ அனுமதிக் குறியையோ வைத்து, திரும்பி வந்ததும் சரிபார்க்காமல் நம்பும் கோபோல் புரோகிராம்தான் திருத்தப்பட வேண்டியது. அந்தத் தேர்வு உங்கள் கண்ணுக்கு அதைக் காட்டிக் கொடுத்திருக்கிறது, நல்லது.

இதோடு ட்ரேஸ் ஃபைல் (எமுலேட்டரும் ஹோஸ்டும் பரிமாறியதன் பதிவு) பற்றியும். டிஎல்எஸ் போட்டிருந்தாலும் ட்ரேஸ் எடுக்கப்படுவது மறைநீக்கம் ஆன பிறகு. நீங்கள் லாகின் செய்த பாஸ்வேர்டு அதில் எப்சிடிக்கில் அப்படியே கிடக்கும். பிரச்சினை என்று ஆதரவுக் குழுவுக்கு அதை மின்னஞ்சலில் அனுப்புவதற்கு முன், லாகின் ஆன பிறகு ட்ரேஸைத் தொடங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். லாகின்தான் பிரச்சினை என்றால் அனுப்பிய கையோடு பாஸ்வேர்டை மாற்றுங்கள். காட்டாத ஃபீல்டுகளை ட்ரேஸில் தானே மறைக்கும் பதிப்பு இருந்தால் அதற்கு என் முழு ஆதரவு.

28 ஏப்ரல்

முதலில் கேள்வி கேட்டவர் மாறிவிட்டதாக எழுதியிருக்கிறார். மேக்ரோக்கள் சில நின்றன, எல்லாமே திரைச் சோதனை தோற்றதால். அவற்றில் ஒன்று பல காலமாகச் செய்தி வரியில் வந்த எச்சரிக்கையைத் தாண்டித் தட்டிக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்ததாம். அந்த எச்சரிக்கை ஏன் வந்தது என்று ஹோஸ்ட் பக்கம் கேளுங்கள், மேக்ரோவை மட்டும் திருத்தி விடாதீர்கள்.

பிரிண்டர் செஷன் வேலை செய்யவில்லை என்கிறார். இது பெரும்பாலோர் மறக்கும் இடம். பிரிண்டர் செஷன் தனி இணைப்பு, தனி எல்யூ பெயர் (ஹோஸ்ட் அந்த இணைப்பை அடையாளம் காணும் பெயர்), தனி ப்ரொஃபைல். டெர்மினல் ப்ரொஃபைலில் 992-உம் ஹோஸ்ட் பெயரும் திருத்தியிருப்பீர்கள், பிரிண்டரில் இன்னும் பழைய முகவரி இருக்கும். அதைத் திருத்திவிட்டு, டெர்மினல் எல்யூவோடு இணைந்த பிரிண்டரைக் கேட்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். டெர்மினல் முதலில் இணைந்து தனக்கு எந்த எல்யூ கிடைத்தது என்று தெரிந்த பிறகுதான் பிரிண்டர் அதன் ஜோடியைக் கேட்க முடியும். ஆகவே காலையில் தானாகத் திறக்கும் பட்டியலில் பிரிண்டரை டெர்மினலுக்குப் பின்னால் வையுங்கள்.